வாய்க்காலைத் தாண்டிய கம்பி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

வணக்கம். சென்ற வாரம் எங்கள் தெருவுக்கு இரண்டாவது கேபிள் கம்பி வந்து சேர்ந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். உங்கள் ஊரில் ஒரே தெருவுக்கு நான்கு கம்பெனிகள் இன்டர்நெட் கொடுக்கக்கூடும். குற்றாலத்தில் எங்கள் பகுதியின் நிலைமை வேறு. வாய்க்காலுக்கு மேற்கே ஒரு கேபிள்காரர், கிழக்கே ஒருவர். டி.வி.யும் அவர்களே, இன்டர்நெட்டும் அவர்களே. மேற்கே குடியிருப்பவர் கிழக்கே உள்ளவரை அழைத்தால், “உங்க பக்கத்தை அவியதானே பாக்காவ” என்று மரியாதையாக ஃபோனை வைத்துவிடுவார்.

அப்படிப்பட்ட வாய்க்காலைக் கம்பி தாண்டியது எவ்வாறு? அதைச் சொல்ல, என் தம்பி மகள் கோமதியை உங்களுக்கு அறிமுகம் செய்தாக வேண்டும்.

கோமதி வெளியூரில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியை. போட்டிச் சட்டமும் தகவல் தொடர்பு ஒழுங்குமுறையும் அவளுடைய ஆராய்ச்சித் துறை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நான் நடத்தும் லாட்ஜின் வரவேற்பு மேசையில் அமர்ந்தபடியே கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்து, இப்போது இந்தப் பத்தி எழுதும் எனக்கு இது விளங்கச் சில காலம் பிடித்தது. உறவினர்களுக்கு இன்றளவும் விளங்கவில்லை. ஆலங்குளத்து அத்தை ஒருத்தி கல்யாணப் பந்தியில் வைத்தே, “எம் மவன் குரூப் ஃபோர் எழுதுதான், ரெண்டு கிளாஸ் எடுத்து விடேன்ட்டி” என்று கேட்டுவிட்டாள்.

நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். வியாபாரிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு வாடிக்கையாளரை மொட்டையடிக்கலாகாது. ஃபோன், டி.வி., இன்டர்நெட் கம்பெனிகள் அப்படிப் பேசி வைத்துக்கொள்கின்றனவா என்று பார்ப்பது கோமதியின் வேலை.

பெரிய கம்பெனிகளைப் பற்றி அவள் நிறையவே எழுதியிருக்கிறாள். ஆனால் பேராசிரியர் பதவிக்கு அவளைப் பரிசீலித்த குழு, “எல்லாம் காகிதத்தைப் பார்த்து எழுதியவை. ஒரு சிறிய ஊரில் நேரில் விசாரித்து எழுதி வாருங்கள், பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டது. அந்த ஆய்வு அமையாவிட்டால் பதவி அடுத்தவருக்கு. ஆகவே சாரல் காலத்தில் அவள் என் லாட்ஜில் பெட்டியோடு வந்து இறங்கியது அருவியில் குளிக்க அல்ல.

இரு கேபிள்காரர்களையும் நானே அழைத்தேன். பெயர் சொல்லமாட்டேன், என் லாட்ஜில் இப்போது இருவர் கம்பியும் ஓடுகிறது. மேற்கே உள்ளவர் மேலக்காரர், கிழக்கே உள்ளவர் கீழக்காரர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, தலையில் துண்டோடு ஜோடியாக வந்தார்கள். வாழைக்காய் பஜ்ஜி வரவழைத்தேன்.

கோமதி செல்ஃபோனை மேசை மேல் வைத்தாள். “நீங்க பேசுததைப் பதிவு பண்ணுதேன் அண்ணாச்சி. பேரு வெளிய வராது. பொறவு வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, அழிச்சிருதேன்.”

“அதெல்லாம் எதுக்கும்மா. நம்ம புள்ள நீ” என்றார் மேலக்காரர்.

“அவிய பக்கம் நீங்க ஏன் கம்பி இழுக்கலை?” என்று அவள் கீழக்காரரிடம் கேட்டாள்.

கீழக்காரரின் முகம் சுருங்கியது. எங்கள் பகுதியில் அடுத்தவர் வாடிக்கையைத் தொடுவது மானக்கேடு. தம் குணத்தையே சந்தேகிக்கிறாள் என்று எண்ணிவிட்டார். அதன்பின் இருவரும் தங்கள் நட்பை நிரூபிப்பதில் முனைந்தார்கள் பாருங்கள்…

“அவன் வாடிக்கையில நான் கை வைப்பனா? நல்லாவா இருக்கும்?” என்றார் கீழக்காரர்.

“ஆதியில அடிச்சிக்கிட்டோம்மா” என்றார் மேலக்காரர். “அவன் கம்பிய நான் அறுப்பேன், எங் கம்பிய அவன் அறுப்பான். பொறவு கோயில் கொடைத் திருவிழாவுல வச்சு உக்காந்து பேசி, வாய்க்கால எல்லையா வச்சிக்கிட்டோம். இன்னிவரைக்கும் ரெண்டு பேரும் சொல்லு தப்பலை.”

“கட்டணம்?”

“அதையும் கலந்து பேசித்தான் ஏத்துவோம்” என்று நெஞ்சை நிமிர்த்தினார் கீழக்காரர். “ஒருத்தன் ஏத்தி ஒருத்தன் ஏத்தலைன்னா மனஸ்தாபம் வரும்லா?”

மேலக்காரர் நெகிழ்ந்துபோய் அவர் தட்டில் இன்னொரு பஜ்ஜி வைத்தார். கோமதி எழுந்து ஜன்னலருகே போய்ச் சற்று நின்றுவிட்டு வந்தாள். பெரிய கம்பெனிகளிடம் பல்லாண்டு தேடியும் கிடைக்காத வாக்குமூலம், தேங்காய்ச் சட்னியோடு கிடைத்தால் யாருக்குத்தான் இருப்புக் கொள்ளும்?

மறுநாள் விடிந்ததும் இருவரும் மீண்டும் வந்தார்கள். மேலக்காரரின் மகளைக் கட்டியவர் தென்காசி கோர்ட்டில் வக்கீல்.

“எம் மருமவன் சோறு திங்க விடலம்மா. ‘யாருகிட்ட போயி என்னத்தைச் சொல்லிட்டு வந்திருக்கீய மாமா’ன்னு ஏசுதான். அதை அழிச்சிரு தாயி.”

கோமதி செல்ஃபோனை எடுத்தாள். அவர்கள் கண்முன்னே அழித்தாள். பதவியும் அதோடு போயிற்று. அவர்கள் போனபின் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “ஏட்டி, ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கலாம்லா?”

“வச்சிக்கிட்டு அழிச்சேன்னு எப்படிச் சொல்லுவேன் பெரியப்பா?” என்று சொல்லிவிட்டுச் செங்கோட்டையில் ரயில் ஏறத் துணிகளை மடிக்கலானாள்.

வக்கீல் மருமகன் ஓர் உபாயமும் சொல்லி அனுப்பியிருந்தார் — சில நாள் பகைவர்களைப்போல் காட்டிக்கொள்ளுங்கள். அந்த நாடகம் பேருந்து நிலையத்து டீக்கடையில் அரங்கேறியபோது பக்கத்துப் பெஞ்சில் நான் இருந்தேன்.

“ஏலே, உன் பக்கம் கம்பி இழுப்பம்லே” என்றார் கீழக்காரர்.

“இழுலே பாப்போம்” என்றார் மேலக்காரர்.

“…ரொம்பச் சத்தமா பேசிட்டனோ அண்ணாச்சி?”

“இல்ல, சரியாத்தான் இருந்துச்சி. டீக்கு நான் குடுத்துட்டேன், வாரும்.”

சொன்ன சொல்லுக்காக, கீழக்காரர் மறுநாள் மேற்கே உள்ள எங்கள் தெருவுக்குள் ஒரு கம்பியை இழுத்துக் கட்டினார். எந்த வீட்டுக்கும் இணைப்பு இல்லை. வெறும் காட்சிப் பொருள். ஆனால் எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அதைக் கீழக்காரர் கணக்கில் எடுக்கவில்லை.

“கம்பி சும்மா தொங்கவா வந்திருக்கு? வீட்டுக்குள்ள இழுத்து விடு.”

“இல்ல டீச்சர், இது சும்மா…”

“என்ன சும்மா? எம் மவ துபாய்ல இருந்து வீடியோவுல வந்தா பாதி மூஞ்சிதான் தெரியுது. இழுடாங்கேன்.”

அவரிடம் மூன்றாம் வகுப்பில் பிரம்படி வாங்கியவர் கீழக்காரர். இழுத்தார். மாலைக்குள் தெருவே அவரை மறித்துக்கொண்டது. செய்தி மேலக்காரருக்கு எட்டியது. “நடிக்கத்தானலே சொன்னேன்” என்று ஃபோனில் கத்தியவர், கட்டணத்தைக் குறைத்து, தாமும் ஏணியோடு கிழக்கே புறப்பட்டார். அன்று தொடங்கியது உண்மைப் போர். என் லாட்ஜில் இன்டர்நெட் பறக்கிறது. இத்தனை தூரம் வந்த விருந்தினர்கள் அருவிக்குப் போகாமல் கட்டிலில் படுத்தே கிடக்கிறார்கள்.

கோமதி பயணத்தைத் தள்ளிப்போட்டாள். ஆனால் முகத்தில் களை இல்லை. “கம்பி வந்ததை எழுதலாம் பெரியப்பா. இத்தனை வருசம் ஏன் வரலைன்னுதான் எழுத முடியாது. அதைச் சொன்னவிய வேண்டாம்னுட்டாவ.”

நேற்று முன்தினம் காலை, ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் கீழக்காரர் என் வரவேற்பறையில் வந்து நின்றார்.

“தாயி, அந்த ஃபோனை எடு. எல்லை பிரிக்கலாம்னு முதல்ல சொன்னது அவன்தான். பதிஞ்சிக்கோ.”

அவர் அமர்வதற்குள் மேலக்காரர் மூச்சிரைக்க நுழைந்தார், மருமகனோடு. “அவன் முந்திட்டானா?”

விஷயம் இதுதான். கூட்டாகச் சேர்ந்து செய்த தவற்றை யார் முதலில் வந்து சொல்கிறாரோ அவருக்குச் சலுகை உண்டு என்று அந்தச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். மருமகன் அதை மாமனாரிடம் டீக்கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறார். டீக்கடையில் சொன்னது கிழக்கே போகாமல் இருக்குமா?

“நான் அதிகாரி இல்ல அண்ணாச்சி, வாத்தியார்” என்றாள் கோமதி. “எங்கிட்ட சொன்னா சலுகையும் கிடையாது, தண்டனையும் கிடையாது. நல்லா யோசிச்சிக்கோங்க.”

“பரவால்ல. நான் முதல்ல சொன்னதா இருக்கணும். அவ்வளவுதான்” என்றார்கள் இருவரும் — ஒரே குரலில். அவர்கள் கடைசியாக ஒத்துப்போனது அதில்தான்.

ஒருவரை மாடியறையிலும் மற்றவரைக் கீழறையிலும் உட்கார வைத்து, மீண்டும் சம்மதம் கேட்டு, தனித்தனியே பதிவு செய்தாள். டீ கொண்டுபோன என்னிடம் இருவரும் தனித்தனியே சொன்னார்கள்: “உங்க பத்தியிலயும் எழுதுங்க. தப்பு அவன்தான்னு எழுதுங்க.” எழுதிவிட்டேன். அவரவர் விரும்பிய பாதியை வாசித்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து நான் அறிந்தது ஒன்று. இரண்டு கடைக்காரர்கள் தோளில் கைபோட்டு நடந்து வந்தால், நாம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

கோமதி நேற்று ரயிலேறிவிட்டாள், ஆய்வோடு. எனக்குத்தான் ஒரு கவலை. ஐப்பசியில் மேலக்காரர் வீட்டில் கல்யாணம். கீழக்காரருக்குப் பத்திரிகை வைக்காமல் இருக்கமாட்டார். பந்தியில் இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்காராமல் இருக்கமாட்டார்கள். பாயசம் முடிவதற்குள் சமாதானம்; மறுநாள், “எல்லையா? எவன் சொன்னான்?” என்பார்கள்.

ஆகவே, ஐயா, அம்மணி, சாட்சிக்கு இந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.