கடைசிப் பெயர்: மழை

ஜாவாத் தீவில் இருக்கும் எங்கள் கெடுங்சாரி ஊர் நூலகத்தில் வார்சினி இல்லாத முகப்பு மேசையை யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள். தலை நரைத்து, ஓய்வு வாசல்வரை வந்துவிட்ட பிறகும் அங்கிருந்து எழுந்திருக்க மனசில்லை. அப்படிப்பட்டவளைப் போய் எழுப்பப் பார்த்தது ஒரு கம்ப்யூட்டர்.

மாவட்டத் தலைமையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. இனிமேல் உறுப்பினர் அட்டை, புத்தக வரவு செலவு, எல்லாமே இணையத்தில்தான். புது முறை பிடிபடாதவர்கள் தலைமையகத்து ஆவணக் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள். அந்தக் கிடங்கை வார்சினி ஒருமுறை பார்த்திருக்கிறாள். சன்னல் கிடையாது, மனித வாடை கிடையாது, பெட்டிக்கு மேல் பெட்டி. "அங்க போய் உக்காந்தா நான் யார்கிட்ட பேசுவேன், எலிகிட்டயா?" என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

தலைமையகத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வந்தவள் ரெட்னோ. சின்னப் பெண், பொறுமைசாலி. வார்சினி மவுசைப் பிடித்தால் அம்பு திரையை விட்டே ஓடிப்போகும். கடவுச்சொல் நினைவிருக்காது. நினைவு வந்து தட்டுவதற்குள், "நேரம் முடிந்தது, மறுபடி உள்ளே வாருங்கள்" என்று வெளியே தள்ளிவிடும்.

"என்ன ரெட்னோ இது, கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள கழுத்தப் புடிச்சுத் தள்ளுது? எங்க பழைய நூலகர் பாக் கார்யோ மூடுற நேரத்துல கூட யாரையும் இப்படி வெரட்டினதில்ல."

"பாக் கார்யோ மனுஷன், இபு. இது மிஷின். நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்." எங்கள் ஊரில் பெரியவர்களில் பெண் என்றால் இபு, ஆண் என்றால் பாக்.

"அந்த ஆளு இருந்திருந்தா இதுக்கும் ஒரு டீ போட்டுக் குடுத்து வழிக்குக் கொண்டு வந்திருப்பாரு."

கேலி பேசினாளே தவிர, கிடங்கின் பயம் விடவில்லை. ரெட்னோ ஊர் திரும்பிய பிறகும் மத்தியானச் சோற்றைக்கூட மேசையிலேயே முடித்துக்கொண்டு தட்டித் தட்டிப் பழகினாள். அம்பு அடங்கியது. கடவுச்சொல் மனசில் நின்றது. பழைய அட்டைப் பெட்டி இழுப்பறைகளைத் திறந்து, உறுப்பினர்களை ஒவ்வொருவராகத் திரைக்குள் ஏற்றத் தொடங்கினாள். வினை அங்கேதான் காத்திருந்தது.

திரையில் 'முதல் பெயர்' என்று ஒரு கட்டம். 'கடைசிப் பெயர்' என்று அடுத்த கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் மேலே போக விடாது. எங்கள் ஜாவாவில் அந்தத் தலைமுறைக்குப் பெரும்பாலும் பெயர் ஒன்றுதான். பெற்றவர்கள் ஸ்லாமெட் என்று வைத்தார்கள் என்றால் ஸ்லாமெட், அவ்வளவுதான் கதை. அதற்கு முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது.

ரெட்னோவுக்குப் போன் போட்டாள்.

"ஏதாவது போட்டு நிரப்புங்க இபு. ஒரே பேர்ல நாலு பேர் இருந்தா மிஷின் எல்லாரையும் ஒண்ணாக்கிடும், அதனால பிரிச்சுக் காட்டுற மாதிரி இருக்கணும். நான் விவரமா மெயில்ல அனுப்புறேன்."

மெயில் என்னவோ வந்தது. வார்சினிக்குத்தான் இன்னும் மெயில் திறக்க வரவில்லை. ஆனால் பிரித்துக் காட்டுவதா? அது அவளுக்குக் கைவந்த கலை ஆயிற்றே!

அந்தக் கலை பிடிபட்டது பாக் கார்யோ இருந்த காலத்தில். பழைய நூலகர், கிராம்புச் சுருட்டும் இஞ்சி டீயுமாக வாழ்ந்த மனிதர். வாசகர் உள்ளே நுழைந்து உட்காருவதற்குள் ஒரு பட்டப்பெயர் சூட்டிவிடுவார். வாசிப்பறையில் தினசரியை விரித்துப் போட்டுத் தூங்குகிறவர் ஸ்லாமெட் குறட்டை. எந்தக் கதையையும் முடிவிலிருந்து தொடங்குகிறவர் ஸ்லாமெட் கடைசிப்பக்கம். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாள் புரட்டும் போலீஸ்காரர் சுதார் எச்சில். இதெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் மட்டும் புழங்கிய பெயர்கள். "வார்சி, எச்சில் வர்றார், நல்ல புஸ்தகத்த உள்ள வை" என்று அவர் கிசுகிசுப்பதும், அவள் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் குனிவதும் அன்றாடம் நடக்கும். அடேயப்பா, என்ன நாட்கள் அவை! ஒரு நாளைக்கு எத்தனை பேர், எத்தனை சிரிப்பு! இப்போது வாசிப்பறையில் மின்விசிறி மட்டும்தான் சுற்றுகிறது.

முதலில் நான்கு ஸ்லாமெட்டுகளுக்கு மட்டும் என்றுதான் தொடங்கினாள். அப்புறம் கை நிற்கவில்லை. ஒவ்வொரு அட்டையாக எடுக்க எடுக்க ஒவ்வொரு முகமாக வந்து மேசைக்கு முன்னால் நின்றது. போனிமான் என்ற அட்டை வந்ததும், யோசிக்காமல் 'மழை' என்று தட்டினாள். வெயிலடித்தால் அந்த மனிதர் கண்ணில் படமாட்டார். மழை பிடித்ததோ இல்லையோ, குடையை உதறிக்கொண்டு வாசலில் நிற்பார். சில வருஷமாக ஆளைக் காணோம். மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் ஏற்றி முடித்ததும் திரை பச்சையாக மின்னியது. வார்சினிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன இயந்திரம் அடுத்த நாள் காலையில் தானாகவே எல்லாருடைய போனுக்கும் ஒரு வாழ்த்து அனுப்பும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

"மதிப்பிற்குரிய ஸ்லாமெட் குறட்டை அவர்களே, உங்கள் வரவுக்காகக் காத்திருக்கிறோம்."

குறட்டை நேரில் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசிப்பக்கம் பேரன்களுக்குக் காட்ட வேண்டும் என்று போனைப் பத்திரப்படுத்தினார். ஆனால் எச்சில் அப்படி விடுகிற ஆளா? ஓய்வு பெற்றாலும் போலீஸ் போலீஸ்தானே. நேரே தலைமையகத்துக்கே போன் போட்டுக் கத்தினார். மத்தியானத்துக்குள் ரெட்னோ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டாள், முகம் வெளிறியிருந்தது.

"இபு! பேரையே ரெண்டு தரம் போடுங்கன்னு மெயில்ல எழுதியிருந்தேனே! ஸ்லாமெட் ஸ்லாமெட், சுதார் சுதார்னு. கூட அட்டை நம்பரயும் போட்டா மிஷின் பிரிச்சுக்கும்னு."

"பிரிச்சுக் காட்டணும்னு நீதானம்மா சொன்ன?"

"சொன்னேன். எச்சில்னு போடச் சொன்னேனா?" ரெட்னோவுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "டைரக்டர் கொதிச்சுப் போயிருக்கார். சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் மாத்திடுங்க. இன்னும் ஒரே ஒரு புகார் வந்தா கிடங்குதான், என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வார்சினி உட்கார்ந்து அழிக்கத் தொடங்கினாள். குறட்டை போய் ஸ்லாமெட் ஸ்லாமெட் ஆனார். எச்சில் போய் சுதார் சுதார் ஆனார். பாக் கார்யோவைத் தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பது போலிருந்தது அவளுக்கு.

அப்போதுதான் அந்த அம்மாள் உள்ளே வந்தாள். குள்ளமான, கட்டுமஸ்தான உடம்பு, சமையல் எண்ணெய் வாடை. வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு நொடி தடுமாறி, கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேரே மேசைக்கு வந்தாள். கையில் போன்.

"யாரு இங்க மழை?"

வார்சினி எழுந்து நின்றாள். "நீங்க யாருங்க இபு?"

"துகியெம். போனிமான் பொண்டாட்டி. அவர் நம்பர் இப்ப என் போன்லதான் இருக்கு. பேரோட பேரா சேத்துப் போட்டு, வரவுக்குக் காத்திருக்கோம்னு எழுதியிருக்கா ஒருத்தி. அந்த மழை யாருன்னு கேக்குறேன். நீயா?"

"ஐயோ, ஆண்டவா..."

"செத்துப் போய் நாலாவது வருஷ ஃபாத்திஹாவும் ஓதியாச்சு. இன்னுமா காத்திருக்கே?"

வார்சினி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊருக்குப் போயிருக்கிறார் என்றல்லவா நினைத்தாள். "இன்னாலில்லாஹி" என்று முணுமுணுத்தாள். கண்ணில் நீர் முட்டியது. அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் துகியெம்முக்கு இன்னும் ஏறிவிட்டது.

"அழுவாத! அழ வேண்டியவ நானு. பூரா வருஷமும் வெயில்ல வத்தல் காயப்போட்டு மாடா உழைப்போம். மழை தூறுச்சோ, தட்டெல்லாம் உள்ள எடுத்து வச்சிட்டு, தலைக்கு எண்ணெய் தேச்சு, சீவி, விசேஷத்துக்குப் போடுற பாத்திக் சட்டை போட்டுக்கிட்டு கெளம்பிடுவாரு. எங்கன்னு கேட்டா நூலகமாம். மூணாங்கிளாஸ் தாண்டாத ஆளுக்கு நூலகம்! மழையில போறவன் எவனாவது தலை சீவுவானா? திரும்பி வந்தா வாயில இஞ்சி டீ வாசம். எங்க வீட்டுல இஞ்சி டீ போட்டதே இல்ல. எவ போட்டுக் குடுத்தா? நீதானா?"

"பாக் கார்யோ போட்டுக் குடுத்தாரு, இபு. இங்க நூலகரா இருந்தாரு, கிழவரு. அவரும் போய்ச் சேந்துட்டாரு."

"ஒரு தடவ வந்து பாத்திருக்கலாமேன்னு கேப்ப. எப்படி வர்றது? சர்க்காரு கட்டடம். வந்து பாத்து, அவர் இங்க இல்லன்னு தெரிஞ்சா நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?"

ரெட்னோ குறுக்கே வந்தாள். "இபு, உங்க புகாரை எழுதித் தந்தா..." என்று ஆரம்பித்தவள் வார்சினியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு புகார். அது இப்போது மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது.

வார்சினி எழுந்து உள் அலமாரிக்குப் போய், முதுகு கிழிந்து ஒட்டுப்போட்ட பழைய தொடர்கதை ஒன்றை எடுத்து வந்தாள்.

"அவர் எடுத்துட்டுப் போகமாட்டாரு இபு. வீட்டுல எண்ணெய்க் கை, புஸ்தகம் கறையாயிடும்னுவாரு. உதட்ட அசைச்சு அசைச்சு, இங்கயேதான் உக்காந்து படிப்பாரு." ஓரிடத்தைப் பிரித்து வாசித்தாள். "கடல்கொள்ளைக்காரனின் மகள் துறைமுகத்துக் காவலைக் கடக்க வேறு வழியின்றி, உப்பு மூட்டைக்குள்..."

"...உப்பு மூட்டைக்குள்ள பூந்துக்குவா," என்றாள் துகியெம். குரல் திடீரென்று சின்னதாகிவிட்டது. "காவக்காரன் ஈட்டியால குத்திப் பாப்பான். தோள்ல பட்டுடும். உப்பு எரியும். கத்தமாட்டா."

வார்சினி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

"ராத்திரி மாவு பிசையும்போது சொல்லுவாரு," என்றாள் துகியெம். "ஒவ்வொரு மழைக்கும் ஒரு துண்டு. எவளோடயோ சினிமாவுக்குப் போயிட்டு வந்து எங்கிட்ட ஒப்பிக்கிறாருன்னு நெனச்சேன். பாதியில நிறுத்துங்கன்னு கத்துவேன். மனுஷன் மாவப் பாத்துக்கிட்டே சும்மா இருந்துடுவாரு." அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாள்கூட நம்பலையே நான். ஒரு நாள்கூட."

அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. வார்சினி மேசையைச் சுற்றி வந்து அவளை அணைத்துக்கொண்டாள். ரெட்னோ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"மழைங்கறது அவருக்கு நாங்க வச்ச பேரு," என்றாள் வார்சினி. "மழை வந்தா அவரும் வருவாரு. அதான். மன்னிச்சிடுங்க."

"எங்க உக்காருவாரு?"

வார்சினி காட்டினாள். சன்னலோரத்து மர நாற்காலி. துகியெம் போய் அதில் உட்கார்ந்து கைப்பிடியைத் தடவினாள். வெளியே சுள்ளென்று வெயில். அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள், ஒருவரும் தொந்தரவு செய்யவில்லை.

அப்புறம் எழுந்து வந்து கேட்டாள். "இப்ப அவர் பேர என்ன பண்ணுவீங்க?"

வார்சினி ரெட்னோவைப் பார்த்தாள். ரெட்னோ மெதுவாகச் சொன்னாள். "காலமானவங்க கணக்க மூடிடணும், இபு. வேற வழியில்ல. பேரு போயிடும்."

"மூடிடுங்க. போனவர் போனவர்தான்." முந்தானைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு அட்டை போடுங்க. அந்த மூட்டைக்காரி அப்புறம் என்ன ஆனான்னு எனக்குத் தெரியணும். கத்தி நிறுத்தினதே நான்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், மெதுவா ஆகும், பரவாயில்லையா?"

வார்சினி மேசைக்குத் திரும்பினாள். போனிமான் கணக்கை மூடினாள். புதுக் கட்டங்களைத் திறந்தாள். முதல் பெயர்: துகியெம். அடுத்த கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம். கிடங்கு நினைவுக்கு வந்தது. சொன்னபடியே கேட்போம் என்று மறுபடியும் 'துகி' என்று தட்ட ஆரம்பித்தாள்.

"அது என்ன, என் பேர ரெண்டு தரம் அடிக்கிற?"

"கடைசிப் பேர் கேக்குது இபு. நமக்குத்தான் இல்லையே. வெளிநாட்டுல புருஷன் பேரு, குடும்பப் பேருன்னு ஏதோ இருக்குமாம்."

துகியெம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புருஷன் பேருதான கேக்குது? அப்ப மழைன்னு போடு."

வார்சினியின் விரல் அந்தரத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். ரெட்னோ அவளுக்குப் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேலாகக் கை நீட்டி, பாதியில் நின்ற 'துகி'யை அழித்தாள். "விதிப்படி குடும்பப் பேர்தான் போடணும் இபு. புகார் எதுவும் இல்லன்னு நான் எழுதிக்கறேன்," என்றாள்.

வார்சினி தட்டினாள். திரை பச்சையாக மின்னியது. துகியெம்மின் கையிலிருந்த போன் டிங் என்றது. அதைத் தூரப் பிடித்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மதிப்பிற்குரிய... துகியெம்... மழை... அவர்களே."