மரம் வளரக் கூடாது, மகள் வளரணும்

தொட்டிக்குள் குட்டையாக வளர்த்து நான் விற்கிற போன்சாய் மரத்தை வளைக்க அலுமினியக் கம்பி இருக்கிறது; வாங்க வருகிறவர்களை வளைக்கத்தான் இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதைக்கூடச் சமாளித்துவிடுவேன். என் கஷ்டம் வீட்டுக்குள் இருக்கிறது. மகளுக்கு மூன்று வயது. பார்க்கிறவர்கள் இரண்டா என்பார்கள். "வளர்ற மரத்த கிள்ளிக் கிள்ளி குட்டையாக்கறியே, வீட்ல வளர்ற புள்ள இருக்கறது தெரியலையா?" என்று மாமியார் ஒரு நாள் கேட்டுவிட்டார். கான்வென்டில் சயின்ஸ் படித்தவள் நான். மரத்தைக் கிள்ளினால் மகள் வளர மாட்டாள் என்பதைப் பகலில் நம்ப மாட்டேன், ராத்திரி நம்புவேன். சின்னக் குழந்தையையும் சொந்தத் தொழிலையும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர்களே, உங்களுக்குப் புரியும்.

அரசமரத்துக்கு முடிவெட்டு

கீழ்பென்னாத்தூர் அக்கா ஒருவர் என்னிடம் தொட்டி அரசமரம் வாங்கியிருந்தார். "இலை ஜாஸ்தி ஆயிடுச்சு, வந்து வெட்டிக் குடுங்க" என்று போன் செய்தார். கத்திரியோடு போய் நின்றால், மரத்தை பூஜை ஷெல்பில் ஏற்றி, அடிமரத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நூல் சுற்றி, முன்னால் அகல் விளக்கும் ஏற்றியிருக்கிறார். எனக்குக் கை வரவில்லை. வெட்டணுமா வேணாமா என்று கேட்டேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வெட்டுங்க, ஆனா சாமிக்கு வலிக்காம வெட்டுங்க."

தூங்குமூஞ்சிப் புளி

செங்கம் ரோட்டில் காபி கடை வைத்திருக்கும் தம்பி, மேஜை அலங்காரத்துக்குப் புளியமரம் வாங்கிப் போனார். அன்று சாயங்காலமே போன்: "மேடம், மரம் செத்துடுச்சு!" மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். மரம் நன்றாகத்தான் இருந்தது. புளி இலை பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும், காலையில் தானே விரியும், அது தூங்குகிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு யாவாரமே சாயங்காலந்தான் மேடம். முழிச்சிருக்கற மரமா ஒண்ணு குடுங்க."

கத்திரிக்கு லீவு

நடுவில் பயம் முற்றி, கொஞ்ச நாள் நான் எந்த மரத்தையும் தொடவில்லை. வேம்பு குச்சி குச்சியாக மேலே கிளம்பிவிட்டது. அத்தியில் சுற்றிய கம்பியை நேரத்தில் கழற்றாததால் அது பட்டைக்குள் பதிந்து தழும்பாகிவிட்டது. மகளோ அப்படியேதான் இருந்தாள். கடைசியில் கணவரையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். மகளைச் சோதித்துவிட்டு, எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பேரும் நிமிந்து நின்னாலும் என் தோளுக்குத்தான் வர்றீங்க. மரத்துமேல ஏம்மா பழியப் போடறீங்க?"

உச்சி போன ஆலமரம்

சயின்ஸே சொன்ன பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. ஆனாலும் கத்திரியை எடுத்தேன். லாட்ஜ் மேனேஜர் ஒருவர் கேட்டிருந்த ஆலமரத்தைக் கிளை கிளையாகப் படிய வைத்து, மகளுக்கு எட்டாதபடி துவைக்கிற கல்மேல் வைத்திருந்தேன். அவர் எடுத்துப்போக வந்த அன்று பார்த்தால் மரத்துக்கு உச்சியே இல்லை! "குரங்கு வேலை சார்" என்றேன். அவர் என் பின்னால் கை காட்டினார். என் மகள் நிற்கிறாள், கையெல்லாம் ஆலம்பால். எப்படிப் பறித்தாய் என்று கேட்டதும், நுனிக்காலில் எழும்பி இன்னொரு கொழுந்தையும் கிள்ளிக் காட்டினாள்.

போன மாசம்கூட அவளுக்கு அந்த மரத்தின் தொட்டிதான் எட்டும். அவளைத் தூக்கி முத்தமாகக் கொடுத்தேன். "அடி விழும்னு பாத்தா முத்தம் குடுக்கறீங்களே, என் மரம் என்னாச்சும்மா?" என்று மேனேஜர் தவித்தார். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் என்னிடம் சொன்னார்: "இனிமே கல்லுமேல வெக்காத. இன்னும் ஒசரமா எங்கனா வையி. புள்ள வளருதில்ல?"

வளரமாட்டாளோ என்ற பயம் ஒருவழியாகத் தீர்ந்ததில், எட்டிவிட்ட கை இனி கேஸ் அடுப்பையும் எட்டுமே என்ற அடுத்த பயத்தை நிம்மதியாக ஆரம்பித்திருக்கிறேன்.