போனம்மாவின் கடல் திட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்தில் தாமரைச்செல்வியைப் போல ஒரு திட்டக்காரி பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. அட்லாண்டிக் பெருங்கடலே அவளிடம் முன்கூட்டி நேரம் கேட்டுக்கொண்டுதான் அலை அடிக்கும். சந்திரனுக்கு ஆள் அனுப்பியவர்கள் இவளிடம் ஒரு வார்த்தை கலந்திருந்தால், போனவர்கள் கையில் ரசசாதமும் அப்பளமும் இருந்திருக்கும்.

மான்மவுத் ஜங்ஷனிலிருந்து கேப் மே கடற்கரைக்குக் காரில் இரண்டு மணி நேரம். தங்கப்போவது மூன்று நாள். போகிறவர்கள் செல்வி, அவள் கணவன் கதிர், இரண்டரை வயது மகன் கவின், கூடமாட இருக்க கதிரின் அக்கா மகள் வெண்பா. இதற்கு அவள் போட்ட எக்செல் திட்டம் நாற்பத்து மூன்று வரி.

மூன்றாம் வரி: தண்ணீரில் போடுகிற தனி டயபர். சாதா டயபர் கடலில் இறங்கினால் பூசணிக்காய் ஆகிவிடும். ஏழாம் வரி: ஒட்டிய மணலை உதிர்க்கப் பேபி பவுடர். பதினொன்றாம் வரி: ரைஸ் குக்கர், ஹோட்டல்காரர் கண்ணில் படாமல் துண்டில் சுற்றி. இருபதாம் வரி: கடல் எத்தனை மணிக்கு உள்வாங்கும், எத்தனை மணிக்கு ஏறும், அதற்கு நடுவில் குழந்தை எப்போது தூங்க வேண்டும்.

"ஏனுங்க, சீகல் வந்து கையில இருக்கறதைப் புடுங்கீட்டுப் போகுமாமா. அதுக்கு ஒரு வரி போடட்டுமா?"

"போடு," என்றான் கதிர். "அந்தப் பறவைக்கும் ஒரு காப்பி மெயில் பண்ணிவிடு. அதுவும் தெரிஞ்சுக்கட்டும்."

செல்விக்கு ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு மென்பொருள் சோதிக்கிற வேலை. என்னென்ன கெட்டுப்போகும் என்று முன்னாலேயே யோசிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் பதினேழாம் வரி மட்டும் எட்டு நாளாகக் காலியாகக் கிடந்தது. 'கவினுக்கு என்ன பிடிக்கும்?' என்பது அந்த வரி. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணம் இருந்தது. கவின் பிறந்தது இங்கேதான். டேகேரில் விட்ட நாளிலிருந்து வாரம் தவறாமல் காய்ச்சல். காய்ச்சல் என்றால் டேகேர் உடனே போன் செய்யும்; செல்வி பாதி மீட்டிங்கில் எழுந்து ரயிலைப் பிடிக்க ஓடுவாள். மூன்றாவது முறை ஓடியபோது மேனேஜர் இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டார். வேலை போனால் விசா போகும். அந்தச் சமயம் பார்த்துக் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்திருந்த அவள் அக்கா புஷ்பவல்லி, "ஆறு மாசம் நான் வெச்சுப் பாத்துக்கறேன், கண்ணு. பல்லு மொளைச்சு நாலு வார்த்தை பேசட்டும், கூட்டிக்கோ," என்று பதின்மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினாள்.

ஆறு மாதம் பதினாறு மாதம் ஆயிற்று. செல்வியின் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது; ஊருக்குப் போனால் புது முத்திரை கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொள்வாய் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். அதனால் தினமும் காலை ஏழரைக்கு போன். அவள் பல் துலக்குவதையும், தலை வாருவதையும், ரயிலுக்கு நடப்பதையும் கவின் அந்தச் சின்னத் திரையில் பார்த்து வளர்ந்தான். புஷ்பவல்லியின் இரண்டு மகன்களும் அவளை அம்மா என்று கூப்பிட, இவனும் அம்மா என்றே கூப்பிட்டான். செல்வி போனுக்குள் இருந்ததால் போனம்மா ஆனாள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். செல்வியும்தான் சிரித்தாள்.

மூன்று வாரத்துக்கு முன், ஊருக்குப் போயிருந்த வெண்பாவும் அவள் அப்பா நஞ்சப்பனும் அம்மா மரகதமும் கவினைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பதினெட்டு மணி நேரம் விமானத்தில் வெண்பாவின் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். வெண்பாவுக்குப் பதினாறு வயது. சர்க்கரை டப்பாவில் உப்பு இருந்தால், டிவி ரிமோட்டின் பேட்டரி ஃப்ரீசரில் கிடைத்தால், அது யார் வேலை என்று சொந்தத்தில் யாரும் துப்பறிய வேண்டியதில்லை. ஆனாலும் இங்கே அவளைப் பற்றி நல்லதாகவே சொல்லப்படும். எழுதுகிறவள் யார் என்று கேட்க வேண்டாம்.

ஏர்போர்ட்டில் செல்வி மண்டியிட்டுக் கை நீட்டினாள். கவின் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு அவள் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். திரையின் பின்பக்கத்தைத் தேடினான்.

கதிருக்கு அந்த அளவுகூட மரியாதை இல்லை. வண்டி ஓட்டும்போது மட்டும் கண்ணில் படுவதால் அவன் பெயர் 'காரு'. அவன் அதை ஏற்றுக்கொண்டுவிட்டான். கூப்பிட்டால் ஹார்ன் அடிப்பான். செல்வியால் அப்படி முடியவில்லை.

அவன் வந்த அன்றே செல்வி போனில் அக்கா புஷ்பவல்லியிடம் கேட்டாள், "எப்படித் தூங்க வெக்கறது?"

"காதைக் குடுத்துரு. காது மடலைப் புடிச்சுட்டுத்தான் தூங்குவான்."

செல்வி தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தாள். தூக்கக் கலக்கத்தில் சின்ன விரல்கள் வந்து மடலைத் தொட்டன, ஒருமுறை தடவிப் பார்த்தன. இந்தக் காது இல்லை. கை திரும்பிப் போய்விட்டது. அவள் தோடு இல்லாமலே ஒரு வாரம் காத்திருந்தாள்; கை மறுபடி வரவில்லை.

இரண்டாம் வாரம் அவன் போனை எடுத்துக்கொண்டு வந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். "போனம்மா, நீ உள்ள போ. அம்மா வெளிய வரட்டும்."

அன்றைக்குத்தான் கடல் திட்டம் உருவானது. கோபியில் வாய்க்கால் உண்டு, அணை உண்டு, கடல் இல்லை. எல்லாவற்றையும் அக்கா முதலில் காட்டிவிட்டாள்: ஆடு, மழை, ரயில், நிலா. கடலையாவது தான் காட்டினால், அவ்வளவு பெரிய ஒன்றைக் காட்டியவளை அவன் ஏதாவது சொல்லிக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாற்பத்து மூன்று வரியும். கவின் வந்த பிறகும் காலை ஏழரை போன் தொடர்ந்தது, திரைக்குள் இப்போது அக்கா. அதனால் ஒன்பதாம் வரி சிவப்பில் இருந்தது: 'அக்காவுக்கு போன் கூடாது.' எட்டு நாளாக அதைக் கடைப்பிடித்தாள். எட்டு நாளும் காலை ஏழரைக்குக் கவின் போன் இருக்கும் மேஜையடியில் போய் நின்றான்.

கிளம்புகிற நாள் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் தூக்கம் காரிலேயே முடிந்துவிடும் என்பது முப்பத்தோராம் வரி. காலை பத்து மணிக்குச் செல்வி கூடத்தில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கதிர் பெட்ரோல் போடப் போயிருந்தான். வெண்பா சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்ததிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கவின் நேராக வந்து செல்வியின் எதிரில் நின்றான்.

"அம்மா."

துண்டு கையிலிருந்து நழுவியது. செல்வி மூச்சைக்கூட விடவில்லை. விட்டால் சொல் கலைந்துவிடும் என்பது போல.

"என்ன சாமி? இன்னொருக்கா சொல்லு?"

"அம்மா." சொல்லிவிட்டு உள்ளங்கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். கவின் கையை உருவிச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினான். அவன் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று. கடைக்காரரைப் பார்ப்பதுபோல வெண்பாவைப் பார்த்தது.

செல்வி திரும்பினாள். வெண்பா கையிலிருந்த பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கரடி பொம்மை வடிவத்தில் ஜவ்வு மிட்டாய், பாதி தீர்ந்திருந்தது.

"எத்தனை நாளா நடக்குது?"

"திங்கக்கெழமைல இருந்து, அத்தை."

"ஒருவாட்டி சொன்னா எத்தனை?"

"ஒண்ணு. அவன் ரெண்டு கேட்டான். நான்தான் பேசி ஒண்ணுக்கு முடிச்சேன்." வெண்பா கீழே குதித்தாள். "பீச்சுல போய்ச் சொல்லணும்னுதான் டீல். முந்திரிக்கொட்டை, இங்கயே சொல்லிட்டான்."

செல்வி திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கையை மட்டும் நீட்டினாள். வெண்பா பாக்கெட்டைக் கொடுத்தாள். செல்வி அதிலிருந்து ஒரு சிவப்புக் கரடியை எடுத்துக் கவினின் உள்ளங்கையில் வைத்து, "சொன்னான்ல. குடுக்கணுமல்ல," என்றாள்.

கவின் வாயில் போட்டு மென்றான். "அம்மா," என்றான், கை நீட்டினான். இன்னொன்று வைத்தாள். "அம்மா." இன்னொன்று. பொய் என்று தெரிந்தே ஆறு முறை கேட்டாள். ஆறாவது முறை அவள் குரல், "சொல்லு சாமி," என்று பதில் சொல்லவும் செய்தது. அதோடு பாக்கெட் காலி.

கவின் கவிழ்த்துப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. வியாபாரம் முடிந்த கையோடு மேஜைக்குப் போனான். எக்கிப் போனை இழுத்துக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தான்.

"போனம்மா, அம்மா வேணும்."

அவனுக்குள் இரண்டும் குழம்பவேயில்லை. ஒன்று மிட்டாய்க்கு. இன்னொன்று நிஜம்.

செல்வி போனைக் கையில் எடுத்தாள். பிறகு தானே எண்ணைத் தட்டினாள். ஊரில் சாயங்காலம் ஏழரை. முதல் மணியிலேயே புஷ்பவல்லி எடுத்தாள்; எட்டு நாளும் போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பாள் போல.

"சாமி! என்ற தங்கம்! சாப்புட்டயா?"

கவின் திரையில் முகத்தை அப்பி வைத்தான். மூச்சுப் பட்டு கண்ணாடி பனித்தது. நிறையப் பேசினான், பாதி புரியவில்லை. பேசிக்கொண்டே செல்வியின் மடியில் ஏறி உட்கார்ந்தான். அது பாசமில்லை, போனைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். செல்விக்கு அதுவும் தெரிந்தது. ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"செல்வி," என்றாள் புஷ்பவல்லி, குழந்தையின் காதுக்குப் பின்னாலிருந்து தெரிந்த பாதி முகத்தைப் பார்த்து. "நான் வேணும்னா கொஞ்ச நாளைக்கு எடுக்காம இருந்துக்கறனே."

"வேண்டாங்க்கா. நாளைக்குக் காலைல ஏழரைக்குக் கூப்பிடறேன். அவன் கடலைப் பாக்கறப்ப நீயும் பாரு."

அக்காவின் முந்தானை கேமராவை மறைத்தது.

போன் பேச்சு முடிந்ததும் செல்வி மடிக்கணினியைத் திறந்தாள். ஒன்பதாம் வரியை அழித்தாள். பதினேழாம் வரிக்கு வந்து, 'கவினுக்கு என்ன பிடிக்கும்?' என்பதற்கு எதிரில் 'அம்மா' என்று தட்டினாள். யார் என்று எழுதவில்லை. அடியில் நாற்பத்து நான்காவதாக ஒன்று சேர்த்தாள்: 'கரடி மிட்டாய், இரண்டு பாக்கெட்.'

பக்கத்தில் நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்த வெண்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன அம்மிணி, கண்ணுல?"

"ஒண்ணுமில்ல அத்தை. மணல் விழுந்துருச்சு."

செல்வி பூட்டாத பைகளைப் பார்த்தாள். ஈரமே காணாத துண்டுகளைப் பார்த்தாள். பிறகு வெண்பாவைப் பார்த்தாள்.

"நாம இன்னும் கடலுக்கே போகலையே," என்றாள்.