பியூஸ் பையில், கரண்ட் கம்பியில்

போன வருடம் ஐப்பசி மழையில் நடந்தது இது. கொடைக்கானலிலிருந்து வட்டக்கானல் போகிற ரோட்டுக்குக் கீழே, ஒரு சரிவில் எங்கள் வீடு. முந்தின நாள் அடித்த காற்றில் வளைவில் நின்ற வாட்டில் மரம் கரண்ட் கம்பி மேல் சாய்ந்து அதை அறுத்துவிட்டது. மறுநாள் மதியம் வரை சரிவில் ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லை.

வீட்டில் சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுவது என் தொழில். ஃப்ரிட்ஜ் நின்றால் என் பிழைப்பு நின்றது. கரண்ட் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அது திரும்பி வருகிற லட்சணம்தான் எனக்கு ஆகாது. ஒரேயடியாக எகிறிக்கொண்டு வரும். அப்படி வந்து என் ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரை இரண்டு தடவை எரித்தது. இரண்டாம் தடவை வந்த மெக்கானிக், "மலையில இப்படித்தாங்க்கா இருக்கும்" என்றார். எரிந்துபோன ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நிற்கிறவளிடம் சொல்லுகிற பேச்சா அது? அவரை அனுப்பிவிட்டு, போனில் வீடியோ பார்த்து நானே ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தேன். நான் படித்தது பி.காம். அதனால் என்ன, சால்டரிங் அயர்ன் சர்டிபிகேட் கேட்பதில்லை.

மெயின் சுவிட்சுக்கு முன்னால் மாட்டுகிற பெட்டி அது. கரண்ட் வந்தால் கத்தும். எத்தனை வோல்ட் வருகிறது, நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று இரண்டு எண்களைக் காட்டும். நம் வீடுகளுக்கு வரும் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கும். வோல்ட் ஏறலாம், இறங்கலாம். துடிப்பு மட்டும் அந்த ஐம்பதை விட்டு அதிகம் நகராது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மெயினைப் போடுவேன்.

முதல் மாதம் அந்தப் பெட்டி என் மானத்தை வாங்கியது. வீடியோவில் சொன்னபடி பசை போட்டு இறுக்க மூடியிருந்தேன். கீழ்நாட்டுக்காரர்களுக்கு அது சரி. இங்கே மூடுபனி எப்படியும் உள்ளே புகுந்துவிடும். புகுந்தது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே வியர்த்து வடியும். கரண்ட் இல்லாதபோதும் பெட்டி கத்தியது. என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறவர். ஸ்டாண்டு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார். நான் பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட்டேன். வியர்த்தது சொட்டி வெளியே போனது. அதற்குப் பிறகு பெட்டி ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தி ஸ்டாண்டுக்குப் போகவில்லை.

அன்றைக்கு மதியம் லைன்மேன் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மழையில் நனைந்து தனியாகவே வந்திருந்தார். எல்லா ஊரிலும் மரம் விழுந்து கிடந்தது, கூட வர ஆள் இல்லை. எங்கள் வாசலில் நின்று ஒரு வரக்காப்பி குடித்தார். அப்போது பெட்டி கண்ணில் பட்டுவிட்டது.

"என்னக்கா இது, மீட்டருக்குப் பக்கத்துல குட்டி மீட்டரு? யாரைக் கேட்டு மாட்டுனீங்க?"

"மீட்டருக்கு அந்தப் பக்கம் ஒங்க சோலி. இந்தப் பக்கம் என் வீடு" என்றேன்.

"எதாவது ஒண்ணு ஆச்சுன்னா எங்க தலையிலதான் விடியும். அடுத்து வர்றப்ப இது இங்க இருக்கக் கூடாது."

"மொதல்ல கரண்டக் குடுங்க. கழட்டச் சொல்ற சோலியைப் பெறகு பாக்கலாம்."

முறைத்துக்கொண்டே டம்ளரை வைத்துவிட்டு, வளைவில் இருந்த கம்பத்துக்கு இறங்கிப் போனார். டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். அறுந்த கம்பியை இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் பெட்டி கத்தியது. அடுத்த நிமிடமே சரிவில் மேலும் கீழும் சத்தம். "கரண்ட் வந்துருச்சு, கரண்ட் வந்துருச்சு." மழைக்காலத்தில் எங்கள் பக்கம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் பெரியவர்களும் குழந்தைகள் மாதிரிக் கத்துவார்கள். என் வீட்டுக்காரர் மெயினைப் போடக் கை நீட்டினார். நான் தட்டிவிட்டேன்.

பெட்டியில் வோல்ட் குறைவாக இருந்தது. அது கிடக்கட்டும். துடிப்பு ஐம்பதில் நிற்கவில்லை. நாற்பத்தாறு, ஐம்பத்து மூன்று, நாற்பத்தெட்டு என்று மலை ஏறுகிறவன் மூச்சு மாதிரி வாங்கிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் பனி குடிச்சிருச்சா ஒம் பொட்டி?" என்றார் வீட்டுக்காரர்.

அடியில் விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. எனக்குச் சந்தேகம் போய்விட்டது. இது ஊருக்கு வருகிற கரண்ட் இல்லை. ஏதோ ஒரு சின்ன ஜெனரேட்டர் திணறுகிற திணறல். யாரோ தன் வீட்டில் ஓட்டுகிற ஜெனரேட்டரின் கரண்ட், அவர் வீட்டு வயர் வழியாக வெளியேறித் தெருக் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கிறது. வளைவில் கம்பி அறுந்து கிடந்ததால் எங்கள் நாலைந்து வீடுகள் மட்டும் அந்தத் துண்டுக் கம்பியில் இருந்தோம். அதனால்தான் அந்தச் சின்ன ஜெனரேட்டர் நின்றுபோகாமல் தாக்குப்பிடித்தது. அந்தத் துண்டின் மறுமுனையை ஒருவர் கையில் பிடிக்கப் போகிறார். செத்த கம்பி என்று நம்பி.

மூடுபனியில் கம்பம் தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை.

"நீங்க வெரசாக் கீழ ஓடுங்க. கம்பியத் தொடாதன்னு கத்துங்க. ஜெனரேட்டர் கரண்டுன்னு சொல்லுங்க. நான் மேல போறேன்."

என் முகத்தைப் பார்த்து, அந்த மனுஷன் வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்க் கேள்வி கேட்காமல் ஓடினார். வழி நெடுகக் கத்திக்கொண்டே போவது எனக்குக் கேட்டது.

மேலே ஒரு கெஸ்ட் ஹவுஸ். அங்கேதான் புதிதாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கியிருந்தார்கள். சேற்றில் இரண்டு தடவை வழுக்கி விழுந்து ஏறினேன். ஓனர் சமையல்கட்டு வாசலில் நின்று சிரித்தார்.

"வாங்கக்கா. கீழயும் கரண்ட் வந்துருச்சாமே?"

ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் சுவர் பிளக்குக்குப் போயிருந்தது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர். இன்ஜின் ஓடும்போதே அதைப் பிடுங்கியிருந்தால் பிளக்கின் ஊசிகளில் இருந்த கரண்ட் என்னையே அடித்திருக்கும். நேராகப் போய் இன்ஜின் சுவிட்சை அணைத்தேன். மேல் ரூம்களிலிருந்து டூரிஸ்டுகள் ஓவென்றார்கள்.

"யாரைக் கேட்டு என் மிஷினை நிப்பாட்டுறீங்க?" சிரிப்பு போய்விட்டது.

"மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் இதைப் போட்டீங்களா?"

"அப்பக் கரண்டுதான் இல்லையேக்கா. இல்லாத கரண்டுக்கு எதுக்கு மெயினை ஆஃப் பண்ணணும்?"

அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எங்கள் சரிவில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். கரண்ட் என்றால் அது வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவது. வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும் என்று யாருக்கும் தோன்றாது. மெயினை இறக்காமல் விட்டால் கரண்டுக்கு உள்ளும் கிடையாது வெளியும் கிடையாது.

"கம்பத்துல ஒரு பையன் நிக்கிறான்யா" என்றேன். அவர் முகம் வெளுத்தது. நான் போய் மெயினை இறக்கிவிட்டு, அந்த வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. எனக்கு முன்னால் அவரே வளைவுக்கு இறங்கி ஓடினார்.

கம்பத்தடியில் நடந்ததை என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். "கரண்ட் வந்துருச்சு" என்ற சத்தம் லைன்மேனுக்கும் கேட்டிருக்கிறது. மேலே இருந்தபடியே சிரித்திருக்கிறார். இவர் போய் "தொடாத" என்று கத்தியதும், "பியூஸ் என் பையில கெடக்குண்ணே. எங்கிட்டு இருந்து வரும் கரண்டு?" என்று கேட்டிருக்கிறார். இவர் விடாமல் "ஜெனரேட்டரு, ஜெனரேட்டரு" என்று கத்த, சலித்துக்கொண்டு டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தார். டெஸ்டர் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில், வைத்த கை வைத்தபடி இருக்க, அது அணைந்தது. அது நான் சுவிட்சை அணைத்த நேரம்.

ஏறுவதற்கு முன் அவர் அறுந்து தொங்கின முனையில் டெஸ்டர் வைத்துப் பார்த்துத்தான் ஏறினார். அப்போது கம்பி செத்துத்தான் கிடந்தது. ஏறின பிறகு உயிர் வந்தது.

நான் இறங்கி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கெஸ்ட் ஹவுஸ்காரர் பக்கத்தில் நின்று எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்.

"எந்தக் கரண்டு வந்தாலும் மண்ணுக்குப் போற மாதிரி கம்பியை எர்த் பண்ணிட்டுல்ல ஏறணும். எர்த் சங்கிலி எங்க?"

"வண்டியில கெடக்குக்கா" என்றார், தலையைத் தூக்காமல்.

"வண்டியா கம்பத்துல ஏறுது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர் அப்படியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட வரவில்லை.

பிறகு அவர் சங்கிலியை எடுத்து வந்து மாட்டிவிட்டுத்தான் மறுபடி ஏறினார். சாயங்காலம் உண்மையான கரண்ட் வந்தது. பெட்டி கத்தியது, துடிப்பு ஐம்பதில் ஆடாமல் நின்றது. போகும்போது லைன்மேன் எங்கள் வாசலுக்கு வந்து அந்தப் பெட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். நன்றி சொல்லவில்லை. கழட்டவும் சொல்லவில்லை.

"ரெண்டு கையும் வேலையில இருக்கறப்ப டெஸ்டரைப் பாக்க முடியாதுக்கா. கம்பியில மாட்டிவிட்டா இப்படிக் கத்துற மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா?"

"முடியும். ஆனா சங்கிலி மாட்டுன பெறகுதான் அது. சங்கிலிக்குப் பதிலா இல்ல" என்றேன்.

செய்து கொடுத்தேன். அதன் அடியிலும் ஒரு ஓட்டை உண்டு. கெஸ்ட் ஹவுஸில் ஜெனரேட்டருக்கும் தெருக் கம்பிக்கும் நடுவே மாற்றுச் சுவிட்ச் போட்டாயிற்று, ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றுதான் வீட்டோடு சேரும். அவரே ஆள் கூட்டிவந்து போட்டார், நான் போய்ப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் இன்ஜினை ஓட்டினார். அந்த இரட்டைப் பிளக் வயர் இன்னும் என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. என் வீட்டுக்காரர் ஸ்டாண்டில் இப்போது வேறு கதை சொல்கிறார். அதில் கம்பத்தை நோக்கி ஓடின தூரம் மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது.

மழைக்காலத்தில் இன்றும் சரிவு முழுக்க "கரண்ட் வந்துருச்சு" என்று கத்துகிறார்கள். கத்தட்டும், சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் "எங்கிட்டு இருந்து?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும், எங்கள் சரிவில் அந்த ஆள் நான்.