மூன்றாகக் கிழித்த நாவல்

பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியால் புத்தகம் என்றாலே எனக்கு எரிச்சல். 1991இல் குன்றத்தூரிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் வரும் பெண்கள், மாத நாவலை மூன்றாகக் கிழித்து, மாற்றி மாற்றிப் படிப்பார்கள். பொழுது போகாமல் நானும் முதல் இரண்டு பகுதிகளை முடித்தேன். கொலைகாரன் யாரென்று சொல்லும் கடைசிப் பகுதியோடு ஓர் அக்கா தன் ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே குதித்தேன்.

“இன்னாடி, உன் கம்பெனி இன்னும் தூரம் கீதே?”

“அந்த நாவலக் குடுக்கா.”

“யாருன்னு நானே சொல்லிடறேன். நீ பஸ்ஸப் புடி.”

“வாயத் தொறக்காத. குடு.”

வாங்கி, ரோட்டோரம் நின்றே படித்தேன். நான் சந்தேகப்பட்டவன் கொலைகாரனே இல்லை. மட்டமான தாளில் இவ்வளவு பெரிய வித்தையா!

லேட்டென்று சூப்பர்வைசர் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பினான். அவனைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அந்தக் கடைசிப் பகுதியையே மறுபடி படித்தேன்.