கழுத்தில் கிடந்த சாவி

நான் வேலை பார்த்த இலாகாவின் பெயரை எழுத மாட்டேன். கடத்தல் சாமான் பிடிக்கிற, சீருடை போட்ட மத்திய அரசு இலாகா என்று தெரிந்தால் போதும். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் என்னைப் பற்றி எழுதுவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. மலாய் நாட்டில் ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள், மூன்றாம் படிவத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், தட்டுத் தடுமாறித் தேறியவள், கடைசிப் படியில் நுழைந்து ஒரு அமலாக்கக் குழுவையே பதினொரு மாதம் நடத்தினேன். எங்கள் பிரிவில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இதைப் பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்காக இதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

என் சொத்து என் கண். வேலைக்கு வருவதற்கு முன் மேரு என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் இருந்தேன். ரப்பர் கையுறையில் காற்றடித்து, ஊசித் துளை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு ஷிஃப்டில் எத்தனை ஆயிரம் கையுறை என் கண் முன்னால் போகும் என்று கணக்கில்லை. தப்பிப் போனது என்று ஒருநாளும் எவரும் என்னிடம் கொண்டுவந்து நீட்டியதில்லை. அந்தக் கண்ணோடுதான் சீருடைக்குள் வந்தேன்.

வந்த பிறகு அந்தக் கண்ணை வேனுக்குள் உட்கார வைத்தார்கள். சோதனைக்குப் போகும்போது ஆண்கள் இறங்கிக் கதவைத் தட்டுவார்கள், உடைப்பார்கள், சாமானை அடுக்கிப் படம் பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் பெண் இருந்தால் மட்டும் எனக்கு அழைப்பு வரும். "அக்கா, பொம்பளையப் பாருங்க." பெண்ணை அறைக்குள் கூட்டிப் போய் உடம்பைச் சோதிக்க வேண்டும், அவளைக் கழிவறைக்குக் கூட்டிப் போக வேண்டும், அவள் குழந்தை அழுதால் பால் கலக்கிக் கொடுக்க வேண்டும். அறிக்கையில் இதெல்லாம் 'பெண் அதிகாரி உடனிருந்தார்' என்ற ஒரு வரி. பேர்கூட இருக்காது.

ஆறேழு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் கிள்ளானில் ஒரு லோரியை நிறுத்தி, பின்னால் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடப் பார்த்தார்கள். நான் வேனிலிருந்து இறங்கிப் போனேன்.

"காலி லோரின்னா டயர் ஏன் இப்படி அமுங்கியிருக்கு?" என்றேன்.

"அக்கா, காத்து கம்மியா இருக்கும் லா. நீங்க போய் உக்காருங்க, வெயிலு."

"நாலு டயரிலயுமா தம்பி காத்து கம்மி?"

சிரித்தார்கள். ஒருவன் கையிலிருந்த கம்பியை வாங்கி நானே லோரியின் தரையைத் தட்டினேன். பலகைக்குக் கீழே இன்னொரு தரை. அதற்குள் முழுக்க கள்ளச் சிகரெட். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் நின்றவர்கள் ஐந்து பேர், நான் இல்லை. ஆனால் அன்றிலிருந்து லோரி நின்றால் என்னை இறக்கிவிட்டார்கள். இப்படி ஒவ்வொரு படியாக, முழங்கையால் இடித்துத்தான் ஏறினேன். பரீட்சைகளை மலாயில் எழுதினேன். சமைத்துக்கொண்டே மனப்பாடம் செய்தேன். படித்துவிட்டு வந்தவர்கள் இரண்டு தரம் தவறிய பரீட்சையில் நான் ஒரே தரத்தில் தேறினேன்.

என் கணவர் லோரி ஓட்டியவர். என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அதுவே அவர் எனக்குச் செய்த பெரிய உதவி. பேசியவர் மாமியார். வேலை நேரத்தில் கழுத்தில் எதுவும் போடக் கூடாது என்பது எங்கள் விதி. பிடிபடுகிறவன் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே தினம் காலையில் தாலியைக் கழற்றி டிபன் கேரியரின் மேல்தட்டில் வைத்துக் கொண்டுபோவேன், வேலை முடிந்ததும் போட்டுக்கொள்வேன். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து மாமியார் சாகும்வரை என் கையால் சாப்பிடவில்லை. அலுவலகத்திலும் இது ஒரு கேலிக்கதையாக ஓடியது. "அக்கா இன்னிக்கு என்ன சாப்பாடு, தாலி சாம்பாரா?" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். சிரிக்காவிட்டால் அடுத்த சோதனைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

குழுத் தலைவர் ஓய்வு பெற்றபோது, அடுத்த இடத்தில் இருந்தவள் நான்தான். தற்காலிகமாகப் பாருங்கள் என்றார்கள். மேலதிகாரியும் தமிழர்தான், ஆனாலும் ஐயா என்று சொல்லாமல், மலாயில் துவான் என்றுதான் அவரை நாங்கள் எல்லாரும் கூப்பிடுவோம். "ஒரு வருஷம் ஒழுங்கா ஓட்டுங்கம்மா, கன்ஃபர்ம் பண்ணிர்றேன்" என்றார். அந்தப் பதினொரு மாதமும் எங்கள் குழு பிடித்த சாமான் மற்றக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து பிடித்ததைவிட அதிகம். ஓய்வுக்கு எனக்கு ஐந்து வருடம்கூட இல்லை. இந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. தலைவி என்று உறுதிக் கடிதம், என் பெயர் போட்டது. அதற்கு இன்னும் ஒரு மாதம்.

அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. கடைவரிசைக்கு மேலே ஒரு வீடு. கணவன் கடத்தல் சிகரெட்டும் மதுவும் மொத்தமாகக் கைமாற்றுகிறவன், சரக்கு எங்கோ ஒரு ஸ்டோரில் இருக்கிறது, எங்கே என்று தெரியாது. மதியம் மூன்று மணிக்குப் படி ஏறினோம். வீட்டில் சில பெட்டிகள்தான் கிடைத்தன. எங்கள் குழுவில் எனக்கு அடுத்த இடத்தில் இருந்த இளைஞன் கணவனுக்கு விலங்கு மாட்டி வேனுக்குக் கூட்டிப் போனான். அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். மனைவியைப் பார்க்க வேண்டும். தலைவியாக இருந்தாலும் பெண் அதிகாரி நான் ஒருத்திதான். அவளைப் படுக்கையறைக்குக் கூட்டிப் போனேன்.

முப்பது வயது இருக்கும். மஞ்சள் கயிற்றில் தாலி. கயிற்றில் மூன்று ஊக்கு மாட்டியிருந்தாள், எல்லாப் பெண்களும் மாட்டுவதுதான். ஊக்குகளுக்கு நடுவில் ஒரு சாவி. அதை ஊக்கில் மாட்டவில்லை, கயிற்றிலேயே கோத்து முடிச்சுப் போட்டிருந்தாள். முடிச்சை அவிழ்த்துத் தாலியைக் கழற்றினால்தான் அது வெளியே வரும்.

"இது எந்தச் சாவி?"

"சாமி அலமாரி சாவிக்கா."

சாமி அலமாரியை நான் வரும்போதே பார்த்திருந்தேன். அதற்குப் பூட்டே இல்லை. சாவியும் அலமாரிச் சாவி மாதிரி இல்லை, பெரிய தொங்குபூட்டுக்கு உரியது. விதிப்படி கழுத்தில் உள்ளதையெல்லாம் கழற்றச் சொல்லி, பையில் போட்டு, பட்டியல் எழுத வேண்டும்.

"கழட்டும்மா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அதுல மட்டும் கை வைக்காதீங்க. அவரு கீழ வேன்ல விலங்கோட உக்காந்திருக்காரு. இப்போ போய் இதக் கழட்டுனா அவருக்கு ஏதாச்சும் ஆயிரும்கா. நீங்களும் கல்யாணம் ஆனவங்கதானே?"

தினமும் என் தாலியை நானே கழற்றி டிபனில் போடுகிறவள் நான். அதை நான் ஒருநாளும் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் வேறொருத்தியிடம், அதுவும் அவள் புருஷன் விலங்கோடு உட்கார்ந்திருக்கிற நேரத்தில், கழற்று என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் காலை விசாரணையில் ஸ்டோர் இருக்கிற இடம் தெரிந்தது. மேருவில், ஒரு இரும்புக் கடைக்குப் பின்னால். போய்ப் பார்த்தோம். தொங்குபூட்டு திறந்து தொங்கியது. உள்ளே கிழிந்த அட்டைப் பெட்டிகளும் லோரி டயர் தடமும்தான் மிச்சம். நாங்கள் வீட்டைவிட்டு இறங்கியதும் மனைவி தன் அண்ணனிடம் சாவியைக் கொடுத்திருக்கிறாள். அதாவது நான் பயந்து விட்டுவைத்த கயிற்றை அவளே கழற்றியிருக்கிறாள். விசாரணையில் கணவன் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "சாவி எங்க வீட்டம்மா கழுத்துலதான் இருந்துச்சு. உங்க ஆளு பார்த்தாங்களே."

துவான் அறைக்குள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உக்காருங்கம்மா. எழுதித் தரணும். லைட் சரியில்ல, அந்தப் பொம்பளை அழுதுகிட்டே இருந்துச்சு, கவனிக்கலன்னு எழுதுங்க. ஒரு வார்னிங் லெட்டரோட முடிஞ்சிரும். உங்க கன்ஃபர்மேஷனுக்கு நான் பொறுப்பு."

"கவனிக்கலன்னா எழுதணும்?"

"ஆமா லா. யாருக்குத்தான் கண்ணு தப்பாது?"

"எனக்குத் தப்பாது, துவான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுப் பேசுங்க."

"பார்த்தேன். ஊக்கு மூணு, சாவி ஒண்ணு. தொங்குபூட்டுச் சாவின்னும் தெரிஞ்சுச்சு. பார்த்துட்டுதான் விட்டேன்."

"ஏன்?"

"தாலில இருந்துச்சு."

அவர் சிரித்தார், சத்தமாகக்கூட இல்லை. "உங்க தாலியவே சோத்துப் பாத்திரத்துல போட்டுட்டு வர்ற ஆளும்மா நீங்க! கடத்தல்காரன் பொண்டாட்டி தாலிக்குப் போயி..." என்று ஆரம்பித்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குப் புரியுது. எங்க வீட்டம்மாவா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருக்கும். நல்ல பொம்பளை இதத்தான் செய்யும். அதனாலதான் சொல்றேன், இது பொம்பளைங்க பாக்குற வேலை இல்ல."

கழற்றி வைத்ததற்கு இருபத்தைந்து வருடம் கேலி செய்தவர்கள், கழற்றச் சொல்லாததற்கு என்னை நல்ல பெண் ஆக்கினார்கள். இரண்டிலும் அடி எனக்கே விழுந்தது.

காகிதத்தில் அவர் முன்னாலேயே எழுதினேன். மலாய் எழுத்தில் ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். சாவியைக் கண்டேன், எடுக்கவில்லை, என் பொறுப்பு. பிள்ளைகள் இன்றைக்கும் கேட்கிறார்கள், ஒரு வரி பொய் எழுதியிருந்தால் என்ன அம்மா என்று. எழுதியிருந்தால் எனக்குப் பதவி இருந்திருக்கும். கோப்பில் 'கவனிக்கத் தவறினார்' என்று என் பெயருக்குப் பக்கத்தில் நிரந்தரமாக இருந்திருக்கும். தப்பு செய்தாள் என்று எழுதட்டும், தாங்கிக்கொள்வேன். கண் தெரியாதவள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்கவா? அதைச் செய்ய நான் பிறக்கவில்லை.

உறுதிக் கடிதம் தம்பிக்குப் போனது. அவன் மோசமானவன் இல்லை. ஆனால் இதே தம்பி முந்தின வருடம் கம்போங் மேடானில் அடுக்குமாடி பிளாக் மாறிப் போய், ஒரு குழந்தைக்குக் காதுகுத்து நடந்துகொண்டிருந்த வீட்டின் கதவை உடைத்தவன். விருந்துக்கு வந்திருந்த ஆட்களைத் தரையில் உட்கார வைத்தான். அதற்கு விசாரணை இல்லை. துவான், "மனுஷன்தானே, ஆயிரும்" என்றார், கதவைச் சரிசெய்ய ஆள் அனுப்பினார், அன்று மாலையே அவன் தோளைத் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார். அவன் தவறு அவன் ஒருவனுடையது. என் தவறு எல்லாப் பெண்களுடையதும் ஆனது. அதற்குப் பிறகு சேர்ந்த இரண்டு பெண் பிள்ளைகளையும், என் கதையைச் சொல்லியே வேனில் உட்கார வைத்தார்கள்.

தலைவன் ஆன பிறகு தம்பி என்னை மரியாதையாகத்தான் நடத்தினான். முதல் சோதனையிலேயே பழைய குரலில் கூப்பிட்டான்: "அக்கா, பொம்பளையப் பாருங்க."

போனேன். ஐம்பது வயதுப் பெண், கழுத்தில் தாலிச் சங்கிலி, ஒரு ஊக்குகூட இல்லை, ஒன்றுமே இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கழட்டுங்க."

"என்னம்மா பேசுற? நீ தமிழ் இல்லையா?"

"கழட்டுங்க. ரூல்."

கழற்றும்போது அந்த அம்மா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. வாங்கிப் பையில் போட்டேன், பட்டியல் எழுதினேன், திருப்பிக் கொடுத்தேன். ஓய்வு பெறும் நாள்வரை ஒருத்தியையும் விடவில்லை. அழுதவர்கள், காலில் விழுந்தவர்கள், மண்ணை வாரித் தூற்றியவர்கள், எல்லாரிடமும் கழற்றச் சொன்னேன். அத்தனை பேரில் ஒருத்தி கயிற்றிலும் ஒரு சாவி இல்லை. ஒவ்வொரு முறையும் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று அறிக்கையை நான் எழுதினேன், தம்பி கீழே கையெழுத்துப் போட்டான்.