வழியெல்லாம் பேசிக்கொண்டு போன தனசேகர்

தனசேகர் இறந்துவிட்டார்.

நேற்று காலை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர்... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பதுகூட ஆகவில்லை.

திண்டிவனத்தில் நான் கணக்கு எழுதுகிற உரக்கடையில் அவர் பில் போடுபவர். பக்கத்துப் பக்கத்து மேசை.

எங்கள் கடைக்கு வருகிற பலருக்கு அவர் முகம் தெரியும், குரல் தெரியாது. யூரியா இருக்கிறதா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். இல்லையென்றாலும் தலையைத்தான் ஆட்டுவார். எந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவர் மகள் இனியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் சென்னையில் ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின் மாட்டினார்கள். மெஷின் மாட்டினால் பேச்சு தானாக வந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்...

விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். "வாரத்துல ஒரு நாள் நான் சொல்லிக் குடுக்கிறது பத்தாது சார். கடைக்குப் போனாலும் பஸ்ல போனாலும் பாப்பாவ கூட்டிக்கினு போங்க. பாக்குறதுக்கெல்லாம் பேரு சொல்லிக்கினே இருங்க."

மறுநாள் தனசேகர் என்னிடம் வந்து நின்றார். "அக்கா, எனக்குப் பேசவே வராதே... நான் எப்பிடிக்கா சொல்லிக் குடுப்பேன்?"

அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் மனைவி கலைச்செல்விக்கு ஜவுளிக்கடையில் வேலை, வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் பால், காய்கறி, மாவு அரைக்கிறது எல்லாம் இவர்தான். அன்றிலிருந்து எங்கே போனாலும் இடுப்பில் இனியா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் பார்த்தேன். "இது கத்திரிக்கா. தொட்டுப் பாரு, வழவழன்னு இருக்குதா? காம்புல முள்ளு இருக்குது, குத்தும்..." நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். கூச்சத்தில் கழுத்தெல்லாம் வேர்வை. இரண்டு பேர் சிரித்துக்கொண்டே போனார்கள்.

காய்கறி விற்கிற அஞ்சலையம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாபா, காலங்காத்தால பேஜாரு பண்ணிக்கினு? ஜல்தி வாங்கிட்டு நகரு, பின்னால ஆளு நிக்குது."

"பாப்பாவுக்கு இப்பத்தாம்மா காது கேக்குது" என்றார், மெதுவாக.

அஞ்சலையம்மா எழுந்து பக்கத்துக் கடையிலிருந்து ஒரு காய்ந்த மல்லாட்டையை எடுத்து வந்து, இனியாவின் மெஷினுக்குப் பக்கத்தில் குலுக்கினார். உள்ளே வேர்க்கடலைப் பருப்பு உருளுகிற சத்தம். குழந்தை திரும்பிப் பார்த்தது.

இன்னொரு நாள் விழுப்புரம் பஸ்ஸில் அவர்களோடு போனேன். ஹாரன் அடித்தால் ஹாரன் என்பார், மழைத்தண்ணீர் தேங்கிய வயலைக் காட்டித் தண்ணி என்பார். திண்டிவனத்தில் ஆரம்பித்தவர் வாய் ஓயவில்லை.

கண்டக்டரிடம், "சார், இன்னொரு வாட்டி விசில் ஊதுறீங்களா?" என்று கேட்டார். "ஊதுனா வண்டி நின்னுடும் சார்" என்று அவர் போய்விட்டார்.

ஆனால் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கின பிறகு அதே கண்டக்டர் வந்து குழந்தை முன்னால் குனிந்து, மெல்ல ஊதிக் காட்டினார். இனியா அவர் வாயையே பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

மாதங்கள் போயின. பேச்சு மட்டும் வரவில்லை. தனசேகர் விடவும் இல்லை.

ஒரு நாள் கடைக்குத் தாமதமாக வந்து உட்கார்ந்தார். "பேசிட்டாக்கா."

"என்ன சொன்னா? அப்பான்னா?"

"என்கிட்ட இல்லக்கா. அஞ்சலையம்மாகிட்ட. கேரட்ட காட்டி 'தா'ன்னு கேட்டா..."

அழுதுகொண்டே பில் போட்டார். வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

இப்போது இனியா ஸ்கூலுக்குப் போகிறாள். "வாயே மூட மாட்டேங்கறாக்கா, எதப் பாத்தாலும் 'இது இன்னாது'ன்னு கேட்டுக்கினே இருக்கிறா" என்று போன வாரம்தான் சலித்துக்கொண்டார். அது சலிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

நேற்று அவர்கள் வீட்டில், அவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு இனியா கேட்டாள். "இது இன்னாது?"

யாரோ அவளை உள்ளே தூக்கிப் போகப் பார்த்தார்கள். கடையைப் போட்டது போட்டபடி வந்திருந்த அஞ்சலையம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐஸ் பொட்டிம்மா. அப்பா உள்ள இருக்கிறாரு."

"நான் பேசுனா அப்பாவுக்குக் கேக்குமா?"

"கேக்காதும்மா."

இனியா தன் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். "மெஷின் மாட்டுனா?"

அஞ்சலையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சுவரோரம் கிடந்த கலைச்செல்வி எழுந்து வந்து மகளை மடியில் வாங்கிக்கொண்டார். "மாட்டுனாலும் கேக்காதுடா கண்ணு" என்றார். அதை எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை...

சாயந்திரம் எடுத்துவிட்டார்கள்.

இன்று காலை அந்த வீட்டில் பால் இல்லை, வாங்கிவரக் கிளம்பினேன். கலைச்செல்வி என்னைப் பார்த்து, "அக்கா, இவளையும் கூட்டிக்கினு போங்க" என்றார்.

தெருமுனை வரைக்கும் எனக்குப் பேச்சே வரவில்லை. பால் கடையில் பாக்கெட்டை அவள் கையில் கொடுத்து, "பாலு... சில்லுன்னு இருக்குது பாரு" என்றேன்.

"தெரியும் அத்த" என்றாள். பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

தனசேகர்... முந்தாநாள் கழற்றி வைத்த உங்கள் மூக்குக்கண்ணாடி பில் மேசையிலேயே இருக்கிறது. வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

போய் வாங்க.